மாமனின் பாட்டு

"செல்போனை எடு" என்றாள் லவினா.

மீன் ஆலைக்குள் அவள் வந்து நின்ற வேகத்தைப் பார்த்து, மேசைக்கு இரண்டு பக்கமும் சால்மன் மீனுக்குக் குடல் உருவிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை நிறுத்திவிட்டார்கள். பெல்ட் மட்டும் நிற்கவில்லை. மீன்கள் வந்துகொண்டே இருந்தன.

எல்வுட் நிமிரவில்லை. கையிலிருந்த மீனின் வயிற்றைக் கிழித்து, ரத்தத்தைக் கழுவி, அடுத்த ஆள் பக்கம் தள்ளினான்.

"வாங்க மதினி. செத்த மீனைப் பாக்க வந்தீங்களா, என்னைப் பாக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல. போனை எடு."

யாரோ சிரித்தார்கள். லவினா திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

காலை ஓய்வு நேரத்தில் சட்டை மாட்டும் அறையில் எல்வுட்டின் செல்போன் அடித்திருக்கிறது. மணிச் சத்தம் வரவில்லை. போன மாதம் செத்துப்போன அவன் அப்பாவின் குரல் வந்திருக்கிறது. வெளியே நின்ற லவினாவின் தம்பி ரோலண்டுக்கு, இயந்திர இரைச்சலில் வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. குரல் மட்டும் பிடிபட்டது. வேலையை அப்படியே போட்டுவிட்டு அக்காளிடம் ஓடினான்.

லவினாவுக்கு மாமாவான அவர் குரலில் இந்த உலகத்தில் பதிவாகியிருப்பது ஒரே ஒரு பாட்டு. அந்தப் பாட்டு லவினாவின் குலத்துச் சொத்து.

அலாஸ்காக் கடலோரத்து டிலிங்கிட் ஜனங்களுக்கு எல்லாம் தாய்வழிதான். எல்வுட்டின் அப்பா லவினாவுக்குத் தாய்மாமன். மாமனின் பாட்டு மருமகளுக்கு வரும், மகனுக்கு வராது. இது தெரியாமல் அந்த ஊரில் ஒருவரும் வளர்ந்துவிட முடியாது.

"அவரு உனக்கு அப்பன். சரி. அந்தப் பாட்டு உனக்கு என்ன உறவு? உங்க ஆத்தா குலத்துல பாட்டுக்குப் பஞ்சமா? திருட்டுப் பயலே."

"திருட்டைப் பத்தி அண்டங்காக்கைக் கூட்டம் பேசுது, கேட்டுக்குங்கப்பா" என்றான் எல்வுட், மேசையைப் பார்த்து.

லவினாவின் குலத்துக்கு அண்டங்காக்கைதான் சின்னம்; பழங்கதையில் சூரியனையே திருடிக்கொண்டு வந்த காக்கை.

ஆறு வருஷமாக, பள்ளிக்கூடத்துச் சமையல் வேலை முடிந்த கையோடு உட்கார்ந்து, பழைய ஒலிநாடாக்களில் கிடந்த பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றியவள் லவினா. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு. எந்தக் குலத்துப் பாட்டோ அந்தக் குலத்தார் மட்டும்தான் திறக்கலாம். எதற்கு இத்தனை பூட்டு என்று கேட்டவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். சுற்றுலாக் கப்பல் வந்து நிற்கிற துறையில் கீசெயின் விற்கிற ஒரு கடையில், அவள் குலத்தார் சாவுக்கு மட்டும் பாடுகிற பாட்டு ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது. எவனோ எப்போதோ பதிவு செய்து விற்றது. கடை வாசலில் நின்று அவள் கத்தியதை ஜனங்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

மாமாவை அடக்கம் செய்த அன்று, மண்டபத்தில் எல்லோரும் கேட்கட்டும் என்று ஒரே ஒரு பகல் பூட்டைத் திறந்துவைத்தாள். அதற்குள் இவன் நகல் எடுத்துவிட்டான்.

எல்வுட் கையுறையை உருவினான். ரப்பர் அங்கிக்குள் கைவிட்டுச் செல்போனை எடுத்தான். கொடுக்கவில்லை.

"கேட்டுப் பாருங்க மதினி. கேட்டுட்டு அப்புறம் அழிங்க."

"இந்தக் குடல் நாத்தத்துல நின்னு எங்க பாட்டை நான் கேக்கணுமா?"

"எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

"உங்கிட்ட இதுவும் இல்ல. கொடு."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் கத்தியைப் பிடித்தபடி மீனையே பார்த்தார்கள். எல்லோருக்கும் ஏதாவது ஒரு குலம் இருந்தது, எல்லோருக்கும் பாட்டு இருந்தது. யாரும் அவன் பக்கம் பேச முடியாது.

கொடுத்தான்.

திரையில் ஒட்டியிருந்த மீன் செதிளைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டுத் தேடினாள். தேட வேண்டியே இருக்கவில்லை. 'அப்பா' என்றே பெயர் வைத்திருந்தான்.

அழித்தாள்.

"குப்பைக்குள்ள முப்பது நாளைக்கு உசிரோட கெடக்கும், நாம மெதுவா எடுத்துக்கலாம்னு பாத்தியா?"

குப்பையையும் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு வரி. அழுத்தினாள். அடியோடு அழித்துவிடவா, திரும்ப எடுக்க முடியாது என்று கேட்டது. அதையும் அழுத்தினாள்.

திரை வெறுமையாயிற்று.

அதற்குப் பிறகுதான், விரலை முந்திக்கொண்டு கண் பார்த்துவிட்ட ஒன்று அவள் மண்டைக்குள் வந்து சேர்ந்தது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக, எத்தனை நேரம் ஓடும் என்று போட்டிருந்தது.

ஒன்பது விநாடி.

மாமாவின் பாட்டு நாலரை நிமிஷம்.

"முடிஞ்சுதா?" எல்வுட் கையை நீட்டியபடி நின்றான். "மீன் நிக்காது மதினி."

அவன் பாட்டை எடுக்கவே இல்லை. பாட்டு தொடங்குகிற இடத்தில் வெட்டி, அதற்கு முந்தின பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு, பாட்டைத் தூக்கி எறிந்திருக்கிறான்.

அந்த ஒன்பது விநாடி லவினாவுக்கு மனப்பாடம். போன வாரம் பதிவைச் சுத்தம் செய்தபோது, பாட்டுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று குறிப்பு எழுதி வைத்துவிட்டு, அதை வெட்டி எறிந்தவளே அவள்தான். மூல நாடா, கணினியில் ஏற்றிய அன்றே இயந்திரத்தில் சிக்கி நைந்துபோயிருந்தது.

மாமா தொண்டையைச் செருமிக்கொள்வார். ஒரு சின்னப் பையன் ஏதோ முணுமுணுப்பான். மாமா சொல்வார்:

"எல்வுட், கூடச் சேந்து பாடக் கூடாதுடா. இது உன் பாட்டு இல்ல. இங்க வா, வந்து அப்பா மடியில உக்காரு."