இரண்டாம் சரணம்

உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். ஆலயத்தின் பின்புற அறைக் கதவுக்கு வெளியே, தோளில் பையோடு அவள் நின்றாள். காதில் வைத்திருந்த போனிலும் அதே பாட்டுதான், கதவு வழியே வந்ததற்கு ஒரு கணம் பிந்தி.

சனிக்கிழமை மாலைதோறும் வாலிபர் கூட்டத்திலிருந்து, அதை நடத்தும் அக்கா அவளைப் போனில் கூப்பிடுவார். "எடுத்துட்டியா? இரு, பாட்டைக் கேளு" என்று போனை நாற்காலியில் வைத்துவிடுவார். ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம். "எல்லாரும் எப்படி இருக்காங்கக்கா?" என்று கேட்டால், "கர்த்தர் பாத்துக்குவார், நீ ஒழுங்கா சாப்பிடுறியா?" என்பார்.

இன்றும் அப்படித்தான் கூப்பிட்டார். அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்து, கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பது அவருக்குத் தெரியாது.

வேலை கிடைத்துப் போன ஊரில், ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் நாளெல்லாம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். விடுதி அறையில் உடன் இருந்த பெண்களுக்கு வேறு வேறு ஷிப்ட். அவர்களைத் தூங்கும் முதுகுகளாகவே அறிவாள். அங்கிருந்த ஆலயத்திலும் கடைசி பெஞ்சுதான். பெயர் கேட்டவர்கள் அடுத்த வாரமும் வந்து பெயர் கேட்டார்கள்.

வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளைப் பிடித்து நிறுத்தியிருந்தது. பிறகு அதுவே குத்தவும் தொடங்கியது. அவள் இருந்தபோது பாடிய அதே பாட்டுகள், நடுவில் யாரோ சிரிக்கிற அதே சிரிப்பு. அவள் போனதால் அங்கே எதுவும் குறைந்துபோகவில்லை. எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் தனியாக ஒரு செய்தி அனுப்பியதில்லை. கூட்டமாக இருப்பவர்களுக்குத் தூரத்தில் இருப்பவளின் ஞாபகம் எதற்கு?

எல்லாவற்றையும்விட அந்த ஒரு குரல். இரண்டாம் சரணம் வந்தால் போதும், தாளத்துக்கு நிற்காமல் முந்திக்கொண்டு ஓடும், கொஞ்சம் மூக்கால் பாடும் ஒரு பெண்குரல். புதிதாகச் சேர்ந்தவளாக இருக்க வேண்டும். இதே அவசரத்துக்காக அக்கா தன்னை எத்தனை முறை தொடையில் தட்டி நிறுத்தியிருக்கிறார்! இந்தப் பெண்ணை ஒரு வார்த்தை சொல்வதில்லை.

தன் நாற்காலியில்தான் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள். ஜெபிக்கக் கண்ணை மூடினால், முகமே தெரியாத அவள்தான் முன்னால் வந்து நிற்பாள்.

போன வாரம் முடிவெடுத்தாள். இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிடுவது. பாட்டு, ஜெபம், ஆலயம் எல்லாவற்றையும் இத்தோடு விட்டுவிடுவது. தன்னைத் தேடாத இடத்தைத் தான் மட்டும் ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்? ஆனால் போனில் சொன்னால் அக்கா அழுதுவிடுவார். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போகிற போக்கில் அந்தப் பெண்ணையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

இரண்டாம் சரணம் தொடங்கியது. அந்தக் குரல் முந்திக்கொண்டு ஓடியது. அவள் கதவைத் தள்ளினாள்.

வட்டமாகப் போட்ட நாற்காலிகள், எல்லாம் காலி. அக்கா மட்டும் கண்ணை மூடி, பாட்டோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலியில் ஒரு சின்ன ஸ்பீக்கர், அதை ஒட்டினாற்போல் அவருடைய போன்.

கதவுச் சத்தத்துக்குக் கண் விழித்தவர் பதறிப்போய் ஸ்பீக்கரை அணைத்தார். பாட்டு பாதியில் நின்றது.

"நீயா! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

"மத்தவங்க எல்லாம் எங்கக்கா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"ஒருத்தன் வேலைக்குப் போனான், ஒருத்தி கல்யாணமாகிப் போனா. மத்ததுங்க இந்த வாரம் வரேன், அடுத்த வாரம் வரேன்னு சாக்குச் சொல்லியே நின்னுடுச்சுங்க. எல்லாருக்கும்தான் போன் போட்டேன். எடுத்தது நீ ஒருத்திதான்."

அவள் காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"கூட்டத்தை மூடிடலாமான்னு போதகர் கேட்டார். ஒருத்தி கேட்டுக்கிட்டு இருக்கா, மூட முடியாதுன்னுட்டேன்."

"அப்போ இந்தப் பாட்டு?"

"பயிற்சிக்காகப் பதிவு பண்ணி வெச்சிருந்தது. காலி ரூம்னு தெரிஞ்சா நீயும் போனை வெச்சுட்டுப் போயிடுவியோன்னு பயம்." அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "உன்னை ஏமாத்தினது தப்புதான். தினம் ஜெபத்துல அதுக்கும் சேத்துதான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளை விட்டுவிட்டு, அவள் தோளிலிருந்த பையை மெல்லத் தரையில் இறக்கினாள். ஆனாலும் மனம் அந்த ஒன்றை மட்டும் விடுவதாக இல்லை.

"அந்தப் பொண்ணும் நின்னுட்டாளா?"

"எந்தப் பொண்ணு?"

"அதான்க்கா, ரெண்டாவது சரணத்துல முந்திக்கிட்டு ஓடுவாளே, மூக்கால பாடிக்கிட்டு. நான் போனப்புறம் சேர்ந்தவ."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டார். விட்ட இடத்திலிருந்து அந்தக் குரல் ஓடத் தொடங்கியது.

"உன் குரல் உனக்கே தெரியலையாடி?"