நாற்பத்தேழாம் கவர்

பேக்கரி மாஸ்டர் வாழ்நாளில் ஒரு பன்னைக்கூடத் திருடியதில்லை. இன்று மதியம் ஆஸ்பத்திரியில் திருடப் போகிறார்.

எல்லாம் ஒரு போனில் ஆரம்பித்தது. ஆறு மாதத்துக்கு முன் பிரிந்துபோன பழைய காதலி திடீரென்று கூப்பிட்டாள்.

“சண்டை போடக் கூப்பிடல. எனக்கு ஒரு தொற்று இருக்குன்னு சொல்லிட்டாங்க. அந்த மாதிரி தொற்று. உனக்கும் இருக்கலாம். வலி, எரிச்சல் ஒண்ணும் இல்லாமயே உள்ள உட்கார்ந்திருக்குமாம். போய் டெஸ்ட் பண்ணிக்கோ.”

“எனக்கெல்லாம் ஒண்ணும் இருக்காது.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்று வைத்துவிட்டாள்.

ஒரு வாரம் மாவோடு சேர்த்து அதையும் பிசைந்தார் மாஸ்டர். மாவு உப்பும்போது ‘போய்ப் பார்த்துவிடலாம்’ என்று தோன்றும். அடுப்புக்குள் தட்டைத் தள்ளும்போது ‘எதற்கு வம்பு’ என்று தோன்றும். ஆனால் எதிர்க் கடையில் ஜெராக்ஸ் எடுக்கும் பெண் இருக்கிறாளே! அவளோடுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சிரிக்கும்போது இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொள்வாள், உலகத்தில் கெட்டது எதுவும் நடக்காது என்பதுபோல. அவளுக்குத் தன்னால் ஒன்று வரலாமா?

தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு போய் டெஸ்ட் கொடுத்துவிட்டார். பெயர் கேட்கவில்லை, நாற்பத்தேழு என்று எண் மட்டும் கொடுத்தார்கள். முடிவை மட்டும் நேரில் வந்து சிஸ்டரிடம் கேட்டு வாங்க வேண்டுமாம்.

அங்கேதான் இடித்தது. அந்த சிஸ்டர் தினமும் காலை ஆறு மணிக்கு இவர் கடையில்தான் ரொட்டி வாங்குவார். அவர் முன்னால் போய் உட்கார்ந்து, “நாற்பத்தேழு நான்தான்” என்று எப்படிச் சொல்வது? அதற்கு அடுப்புக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம்.

நாள் ஓடியது. கல்யாணத்துக்குப் பத்தே நாள் இருந்தபோது, ரொட்டி வாங்க வந்த சிஸ்டர் வழக்கம்போலப் புலம்பினார்.

“என்னத்த சொல்ல மாஸ்டர்! பன்னெண்டு கவர் அப்படியே கிடக்கு. வீரமா வந்து டெஸ்ட் கொடுக்கறாங்க, முடிவ வாங்க ஒரு ஆள் வரணுமே! பூட்டி வைக்க அலமாரிகூட இல்ல, என் மேஜை மேலதான் தட்டுல கிடக்கு. ரெண்டரைக்கு நாங்க பின்பக்கம் டீ குடிக்கப் போயிட்டா முன்னால ஈ காக்கா இருக்காது. யாராச்சும் தூக்கிட்டுப் போனாக்கூடத் தெரியாது, போங்க!”

ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த மாஸ்டரின் கத்தி பாதியில் நின்றது.

இரண்டு முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரிக் கதவைத் தொட்டார், திறந்துகொண்டது. மேஜைமேல் தட்டு. தட்டில் பழுப்புக் கவர்கள், இவர் கடை பன்களைப்போலவே வரிசையாக. நாற்பத்தாறு... நாற்பத்தேழு! சட்டைக்குள் செருகிக்கொண்டு திரும்பினார்.

வாசலில் போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். காக்கி, லத்தி, மீசை எல்லாவற்றோடும்.

மாஸ்டரின் கைகள் தாமாகவே மேலே போயின. “சார்... நான் வந்து... ரொட்டி கொடுக்க...”

“ஷ்ஷ்! மெதுவா பேசுங்க மாஸ்டர், சிஸ்டர் வந்துடப் போறாங்க.” போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பூனைபோல மேஜைக்கு வந்தார். “இதுல அம்பத்தொண்ணு எதுன்னு பாருங்க. பதட்டத்துல கண்ணாடிய ஸ்டேஷன்லயே விட்டுட்டேன்.”

மாஸ்டர் தேடி எடுத்துக் கொடுத்தார். போலீஸ்காரர் பழக்கதோஷத்தில் ஒரு சல்யூட் அடித்தார்.

“நீங்க என்னப் பாக்கல.”

“நீங்களும் என்னப் பாக்கல சார்.”

“எப்படிப் பாக்கறது? அதான் கண்ணாடி இல்லையே!”

பேக்கரிக்குப் பின்னால், மைதா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மாஸ்டர் கவரைக் கிழித்தார். ‘ஒரு தொற்று இருக்கிறது. வேறு எதுவும் இல்லை. பயப்பட வேண்டாம், ஏழு நாள் மாத்திரையில் குணமாகிவிடும். அதுவரை விலகி இருங்கள். துணையிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.’ கூடவே டாக்டர் கையெழுத்திட்ட மருந்துச்சீட்டு.

ஏழு நாள்! இத்தனை நாளாகத் தூக்கத்தைத் தின்ற பூதத்துக்கு ஆயுசு ஏழே நாள்! கல்யாணத்துக்கு முன்னால் இன்னும் மூன்று நாள் மிச்சம் வேறு. மாஸ்டர் மைதா மூட்டையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். மீசையெல்லாம் வெள்ளையாக, எதிர்க் கடைக்குப் போன் போட்டார்.

“சாயங்காலம் வரேன். உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.”

“நல்ல விஷயமா, கெட்ட விஷயமா?”

“ஏழு நாள் விஷயம். கோபம் வந்தா நாலு அடி அடி. ஆனா முழுசாக் கேட்டுட்டு அடி.”

“அப்ப ஸ்கேலோட உட்கார்ந்திருக்கேன், வாங்க” என்று சிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டுதான் சிரித்திருப்பாள்.

போனை வைத்த பிறகுதான் மாஸ்டருக்கு உறுத்தியது. பாவம் சிஸ்டர். வெள்ளை மனசு. கவர் காணாமல்போனது தெரிந்தால் டாக்டர் அவரைக் கடித்துத் துப்பிவிடுவாரே!

அதே நேரத்தில் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், டாக்டர் காலிக் கோப்பையை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“மணி மூணேகால் ஆச்சு. உள்ள போலாமா சிஸ்டர்?”

சிஸ்டர் ஜன்னல் வழியாக மேஜைமேல் இருந்த தட்டை எட்டிப் பார்த்தார். பிறகு டாக்டரின் கோப்பையில் மறுபடி டீயை ஊற்றினார்.

“கொஞ்சம் பொறுங்க டாக்டர், பத்துப் பேர்தான் திருடியிருக்காங்க, கூச்சக்காரங்க இன்னும் ரெண்டு பேர் வரணும்.”