தொடக்கூடாத பரீட்சை

முதலுதவி சொல்லிக்கொடுக்கும் தொண்டராவதற்கு, ஓய்வுபெற்ற தையல் டீச்சருக்கு இன்று கடைசிப் பரீட்சை. மாணவராக நடிக்கக் கணவரையே இழுத்து வந்திருக்கிறார். விதி ஒன்றுதான்: வாயால் சொல்லலாம், கையால் தொடக்கூடாது. ஜன்னல் வெயில், நெஞ்சை அழுத்திப் பழகுவதற்கான ரப்பர் பொம்மையின் மார்பில் எண்ணெயாய் மினுங்குகிறது. சரியான ஆழத்துக்கு அழுத்தினால் உள்ளே ‘டிக்’ என்று கேட்கும். கணவரோ தூங்கும் பூனையைத் தடவுவதுபோல் அதைத் தடவிக்கொண்டிருக்கிறார். “இன்னும் ஆழமாங்க! அதுக்கு வலிக்காது!” முதுகுக்குப் பின்னால் கட்டிய டீச்சரின் கைகள் கூண்டுப் புலிகளாய்த் தவிக்கின்றன. அவ்வளவுதான், பாய்ந்துவிட்டார். டிக், டிக், டிக்! ஊரிலுள்ள அத்தனை இதயங்களையும் ஒரே மூச்சில் ஓடவைக்கும் வேகம். “பொம்மை பிழைச்சிடுச்சு டீச்சர், நீங்கதான் ஃபெயில்,” என்று சிரிக்கிறாள் பரீட்சை நடத்தும் பெண். “இன்னொரு வாய்ப்பு தரேன். அவரைப் பண்ண விடுங்க.” பதிலுக்குச் சிரிக்கப்போன டீச்சர் பக்கத்தில் பார்க்கிறார். யாரும் சொல்லாமலே கணவர் முழங்காலை நகர்த்தி இடம்விட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் பல்பு மாட்டும்போதும், பேரனுக்குப் பொத்தான் போடும்போதும் இப்படியேதான் டீச்சருக்கு வழிவிட்டு விலகிக்கொள்வார். “நீங்களே பண்ணுங்க,” என்கிற டீச்சரின் குரல் இறங்கியிருக்கிறது. “எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதானே பண்ணணும்?” அவர் பொம்மையைப் பார்க்கவில்லை, மனைவியின் கைகளைப் பார்க்கிறார். “அப்பவும் நீ எழுந்து என் கையைத் தள்ளிவிட்டுட்டு நீயே பண்ணிப்ப,” என்கிறார், துளியும் கேலியில்லாமல்.