தீப்பெட்டி வீடு

கடல் ஏறி வருவதை வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்காது என்று, ஜெனோபா டீச்சர் ஒரு ட்ரேயில் களிமண்ணால் கரை செய்து, மேட்டில் ஐஸ்கட்டிகளைக் குவித்து, பள்ளத்தில் தண்ணீர் ஊற்றினார். பிள்ளைகள் கரையோரம் ஆளுக்கொரு தீப்பெட்டியை வீடாக வைத்தார்கள். ஐஸ் கரையக் கரையத் தண்ணீர் ஏறியது. முதல் வீடு நனைந்ததும் வகுப்பே கைதட்டியது. ரெஜிலா மட்டும் குனிந்து, ட்ரேயில் வாய் வைத்து உறிஞ்சத் தொடங்கினாள்.

"என்ன மக்ளே செய்யுத? அது மண்ணு தண்ணி, குடிக்காத!"

அவள் நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள தம்பி உறங்குதான் டீச்சர்." மறுபடியும் குனிந்தாள்.

போன ஆனியில் அவள் வீட்டுக்குள் கடல் புகுந்து, தொட்டிலோடு பிள்ளையைக் கொண்டுபோனது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. ட்ரேயைப் பிடுங்க மனம் வரவில்லை. மிச்சமிருந்த ஐஸை இரண்டு கைகளாலும் அவசரமாக அள்ளித் தூக்கினார். கைச்சூட்டில் அது இன்னும் வேகமாகக் கரைந்து, விரலிடுக்கில் வழிந்து, குனிந்திருந்தவளின் பின்தலையில் சொட்டி, அங்கிருந்து ட்ரேக்குள்ளேயே இறங்கியது.