கல்லோடு வந்த களை

பதுளைக் கடைவீதியில், தாஸிம் முதலாளியின் கருவாட்டுக் கடைக்குள், மாலை வெயில் கண்ணாடித் தொட்டியில் இறங்குகிறது. மட்டக்களப்பு லொறியில் வந்த கடல்நீரில் பூவைப் போலிருக்கும் கடலுயிரான பெரிய கடற்சாமந்தி ஒன்று ஊதா விரல்களை விரித்து ஆடுகிறது. அதைச் சுற்றிக் கல்லெங்கும் நகமளவு பழுப்புச் சாமந்திகள். "கல்லோட வந்த களை. பெரிசக் கொட்டியே கொன்னுடும். போன மாசம் சுரண்டிப் போட்டேன், விழுந்த துணுக்கெல்லாம் பூவா நிக்குது" என்று சொல்லிக்கொண்டே தாஸிம் மறுபடி கத்தியை உள்ளே விடுகிறார். சிறியவை அத்தனையும் சட்டென்று சுருங்குகின்றன. தேயிலைத் தோட்டத்திலிருந்து கருவாடு வாங்க வந்த இருதயம்மா, கடலையே பார்த்திராதவள், மூச்சை அடக்கிக் குனிகிறாள். கத்தியைச் சுற்றியே அவை ஒவ்வொன்றாக மறுபடி விரிகின்றன. "தோட்டத்துல நாங்க வெட்டுற புல்லுகூட ரெண்டு நாள் வாடிக் கெடக்குமுங்க" என்கிறாள். அவள் கை தானாகச் சிலுவை போடுகிறது. தொட்டிக்குள் பெரியது, விரிந்த சிறியது ஒன்று உரசிய ஒரு விரலை மட்டும் மெல்ல மடக்கிக்கொள்கிறது.