நெற்றிச் சுட்டி

குட்டிக்குதிரையின் நெற்றியைத் தடவிய முதலாளி ஃபாவுஸ்தோ முகம் சுளித்தார். “போலோ கோப்பை வாங்கிக் கொடுத்த சென்டேயாவுக்கு இங்க வெள்ளைச் சுட்டி இருந்துச்சே. அச்சு அசல் அவளேதான்னு சொன்னீங்களே, டாக்டரம்மா?”

“குளோனிங்ல வெள்ளை மட்டும் மாறலாம் சார். சுமந்த வயித்தைப் பொறுத்தது,” என்றாள் நிடியா.

“அவ கடிக்காத ஆளே இல்ல. இது பசு மாதிரி நிக்குதே!”

“அது வளர்ப்பு.”

“யோவ் எலிசியோ, எல்லாம் உன் கைராசிய்யா!” என்று லாயக்காரரைக் கட்டிக்கொண்டார் முதலாளி.

எலிசியோ தலையைக் குனிந்துகொண்டார். சென்டேயா மின்னல் தாக்கி விழுந்த அன்று, காதில் துண்டுத் தோல் அறுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியவர் அவர்தான்.

அதே மின்னலில், அவர் பதினெட்டு வருஷம் வளர்த்த வண்டிக்குதிரையும் செத்துப்போயிருந்தது.

எந்தக் குதிரையின் காது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.