எரிகிற அம்மன்

அநியாயம் செய்தவர் பெயரைச் சொல்லி, கோயில் அம்மியில் மிளகாய் அரைத்து, அம்மன் மேல் பூச வேண்டும். எரிச்சல் தாளாமல் அவள் கிளம்புவாள். போவது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் ஆளைப் பிடித்துவிடுவாள். தன் புருஷனோடு ஓடிப்போன தங்கையின் பெயரைச் சொல்லிப் பழனாத்தாள் அரைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அம்மியில் அந்தத் தங்கையே வந்து உட்கார்ந்தாள்.

"எம்பேருக்கு அரைக்க வந்தியாக்கும்?"

"இல்லக்கா, அவரு பேருக்கு. என்னையும் உட்டுப்போட்டுப் போயிட்டாரு."

பழனாத்தாள் அவள் விழுதைத் தொட்டுப் பார்த்தாள். "திப்பித் திப்பியா இருந்தா எப்படி எரியும்? மையா அரை." தன் மிளகாயில் ஒரு கை அள்ளித் தங்கையின் அம்மியில் போட்டாள்.

"நீ யாரு பேருக்குக்கா?"

பழனாத்தாள் தன் விழுதை வழித்துக்கொண்டு அம்மனிடம் போக எழுந்தாள்.

"அது அவளுக்குத் தெரியும்."